நாவல் படிக்கிற வீட்டுக்கு வந்த விசாரணை

1

சனிக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமையும் போகவில்லை. திருப்பூரை விட்டு இங்கிலாந்தின் இந்த வடக்கத்தி ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம். காய்ச்சல், பனி, ஊர்ப் பயணம் தவிர வேறு எதற்காகவும் நானும் என் மகள் நிவேதாவும் சனிக்கிழமை நூலகத்தைத் தவறவிட்டதில்லை. வரும்போது அவளுக்கு நாலு வயது. இப்போது பதினொன்று.

ஏழு வருடம் ஆனதற்கு ஊரில் இருப்பவர்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று ஒரு தோழி கேட்டிருந்தாள். பனியைப் பற்றியும், இட்லி மாவு புளிக்காததைப் பற்றியும், பெயரை மூன்று முறை உச்சரித்துக் காட்ட வேண்டியிருப்பதைப் பற்றியும் எழுதலாம் என்றிருந்தேன். இப்போது அந்த மனநிலை இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு விசாரணை வந்து போயிருக்கிறது. முடிந்துவிட்டது என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். வாசலில் யாராவது மணி அடித்தால் இன்னும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

எங்களுடையது நாவல் படிக்கிற வீடு. நடந்ததெல்லாம் அதனால்தான் என்கிறார் என் கணவர். அவர் படிப்பது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் மட்டும். அவர் அப்படித்தான் சொல்வார்.

2

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. இரண்டு தையல் மெஷின் போட்டால் நிறைந்துவிடும் அறை. கடைக்காரர் பேய்க் கதைகளை எட்டாத உயரத்தில் வைத்திருப்பார். "அம்மிணி, அது உனக்கு ஆகாது. ராத்திரி கத்துனீன்னா உங்கப்பன் என்னைய வந்து கேப்பாரு" என்பார். அவர் டீ குடிக்கப் போகும்போது ஸ்டூல் போட்டு எடுத்துவிடுவேன்.

எனக்கு இன்ன வகை என்று கிடையாது. வார இதழ்களில் வந்த சரித்திரத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தடித்த புத்தகங்கள், பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரத்தோடு. மாமியார் மருமகள் குடும்ப நாவல்கள். பேருந்து நிலையத்தில் தொங்குகிற துப்பறியும் கதைகள் என்று எல்லாம் எனக்கு ஒன்றுதான். தாராபுரம் பஸ்ஸில் ஏறும்போது ஒன்று வாங்கினால், கொலைகாரன் யார் என்று தெரிகிற நேரத்துக்கு அமராவதிப் பாலம் வந்துவிடும். ஒருமுறை ஒரு சரித்திரத் தொடரைத் தைத்தவர் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டார். இளவரசி கோட்டைச் சுவரில் நிற்கிறாள், கீழே குதிரைச் சத்தம், அவ்வளவுதான். ஒரு வருடம் அந்தக் குதிரையில் வந்தது யார் என்று நானே விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தபோது, என் பையில் ஒரு துப்பறியும் நாவலைப் பார்த்த பேராசிரியை, "இதைப் படிக்கிற வாயால் கவிதையைப் படிக்காதே" என்றார். இரண்டையும் அதே வாயால்தான் படித்தேன். இரண்டும் இனித்தன.

இங்கே நூலகத்தில் எவ்வளவு எடுத்தாலும் வாடகை இல்லை என்பதை நம்பவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. புத்தக முதுகில் சின்னப் படம் ஒட்டியிருப்பார்கள். இதயம் என்றால் காதல், மண்டை ஓடு என்றால் கொலை, வாள் என்றால் சரித்திரம். ஆங்கிலம் எளிது என்பதால் முதல் வருடம் முழுக்க இதயம். பிறகு மண்டை ஓடு. பிறகு தராசுப் படம் போட்ட வழக்கு நாவல்கள். அங்கேயே தங்கிவிட்டேன்.

என் அப்பாவுக்குத் தாராபுரம் கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறு வழக்கு நடந்தது. எங்கள் வக்கீல் அந்த வழக்கில் பேசி நான் கேட்ட ஒரே சொல் 'வாய்தா'. கோர்ட் என்றால் வேப்பமரத்தடியில் நின்று முறுக்குத் தின்பது என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். இந்த நாவல்களிலோ ஒரு ஆள் எழுந்து நின்று பேசுகிறான். எதிரே ஒரு வரிசை ஆட்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். கடையில், பள்ளியில், மருத்துவரிடம் என்று என் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து, துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தள்ளியவள் நான். இங்கே ஒரு கிடங்கில், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய துணிகளைப் பிரித்து அடுக்குகிறேன். ஒரு மனிதர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிற அறை ஒன்று புத்தகத்திலாவது இருந்தது.

3

நிவேதாவின் அலமாரி வேறு. அவளுக்குச் சிறுவர் சரித்திர நாவல்கள் மட்டும் போதும். கொள்ளைநோய் வந்த தெருவில் பூனையோடு தனியே மாட்டிக்கொண்ட பையன், கப்பலில் ஒளிந்துகொண்ட அநாதைப் பெண், போரின்போது ஊரைவிட்டு அனுப்பப்பட்ட அண்ணன் தங்கை. சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே கதை சொல்வாள்.

"மென்னு முழுங்கீட்டுச் சொல்லு கண்ணு."

"முழுங்கினா மறந்துடும்மா. இப்ப அவ கப்பல்ல எலியப் பாக்கறா!"

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவள் படித்து முடிப்பதில் ஒன்றை நான் படிக்க வேண்டும். நான் படிப்பதை அவள் படிக்கிற வயது வரும்வரை கதையாகச் சொல்ல வேண்டும். கொலைகளை மட்டும் கொஞ்சம் மழுப்பி நான் அவளுக்குச் சொன்ன வழக்குகள் ஏராளம். தமிழ் மெல்ல மெல்ல அவள் வாயிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. பள்ளி வாசலில் நான் பேசினால் கையைப் பிடித்து இழுப்பாள். "அம்மா, யாரையும் 'குட் நேம்' என்னன்னு கேக்காத, ப்ளீஸ்" என்பாள். கதை சொல்லும்போது மட்டும் தமிழ் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் புத்தகங்கள் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கான எந்த நாவலுக்கும் வராத அழுகை எனக்கு அவற்றில் வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் உதவுவதில்லை. கடைசியில் அவர்களாகவே ஒரு வாக்கியம் பேசித் தப்பிக்கிறார்கள்.

4

போன கோடை விடுமுறைக்குத் திருப்பூர் போனோம். என் அண்ணன் ராயபுரத்துக்குப் பின்னால் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். நாங்கள் போன வாரம் அவருக்கு ஷிப்மென்ட். கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் பாதி பீஸ் செக்கிங் டேபிளிலேயே கிடந்தது. மின்வெட்டு வேறு.

எங்கள் பக்கம் அப்படிப்பட்ட நாளில் முதலாளி வீட்டு ஆட்களும் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தையல் முடிந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை டிரிம்மர் என்கிற சின்னக் கத்தரியால் வெட்டுவது கைவேலைதான். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அண்ணி சமையலை முடித்துவிட்டு வந்தார். நான் போனேன். விருந்துக்கு வந்த சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு டேப் ஒட்டினார். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் வந்தன. நிவேதா வீட்டில் தனியாக என்ன செய்வாள்?

செக்கிங்கில் ஜெசிந்தா என்று ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள்தான் நிவேதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, நூல இழுக்காத. வெட்டு. இழுத்தா ஓட்ட விழுந்துரும்லா."

"சாரி ஆன்ட்டி."

"ஆன்ட்டியா! ஏட்டி, அக்கான்னு கூப்புடு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல." டேபிள் முழுக்கச் சிரித்தது. "லண்டன்காரி வெட்டுன பீஸு, லண்டனுக்கே போவுது பாத்தியளா!"

சாயங்காலம் வண்டி கிளம்பியதும் அண்ணன் வந்து நிவேதாவின் தலையில் கை வைத்தார். "என்ற மருமக உக்காந்ததும் ஷிப்மென்ட்டு தானா போயிருச்சு பாரு அம்மிணி."

"மாமா, நாளைக்கும் வரட்டுங்களா?" என்றாள் நிவேதா. இங்கிலாந்து போன பிறகு அவள் வாயில் எங்கள் ஊர் மரியாதை 'ங்க' வந்த முதல் நாள். என் கண் நிறைந்துவிட்டது. போட்டோ எடுத்தேன். ஜெசிந்தாவின் தோளில் சாய்ந்துகொண்டு, கையில் டிரிம்மர், மடி நிறையக் கழித்துப்போட்ட வெள்ளைப் பனியன், ஓரப் பல் விழுந்த சிரிப்பு.

5

இந்த ஊரே ஒரு காலத்தில் நூல் ஆலை ஊர். இப்போது ஆலைகளில் அடுக்குமாடி வீடுகளும் ஒரு அருங்காட்சியகமும் இருக்கின்றன. நிவேதாவின் வகுப்பில் இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொண்ட நாவலும் ஆலையைப் பற்றியதுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுமி, ஓடுகிற இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து பஞ்சு பொறுக்குகிறாள். அரசாங்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் வருவதற்கு முன்னால் மேஸ்திரி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துகிறான். மற்றவர்கள் எல்லாம் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். அந்தச் சிறுமி மட்டும் நடப்பதைச் சொல்லிவிடுகிறாள்.

ஒப்பந்தப்படி நானும் அதைப் படித்தேன். அந்த இடத்தில் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன். "அம்மா, யூ ஆர் க்ரையிங்!" என்று நிவேதா கேலி செய்துவிட்டு, பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது, "நானும் இந்த வேலை செய்திருக்கிறேன், என் மாமா ஆலையில்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. மறுநாள் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

ஆசிரியை நல்லவர். அதனால்தான் விதிப்படி நடந்துகொண்டார். பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொன்னார். அவர் குழந்தைகள் நலத்துறைக்குச் சொன்னார். நான் கிடங்கில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. குழந்தை வெளிநாட்டில் தொழிற்சாலை வேலையில் ஈடுபடுத்தப்பட்டதாக ஒரு கவலை எழுந்திருக்கிறது, வருகிற வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பேசலாமா என்று ஒரு பெண் குரல் மென்மையாகக் கேட்டது.

இங்கே இருக்கிற நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: யாருக்கோ தெரிந்த யாரோ ஒரு குடும்பம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், இன்னும் தரவில்லை. நானும் அதை நூறு முறை கேட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

6

இனிமேல் சொல்லப்போவதைத் திருப்பூர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

பையரிடமிருந்து கம்பெனியைச் சோதிக்கிற ஆடிட் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? தீயணைப்புக் கருவியைத் துடைப்போம். கழிப்பறையில் சோப்பு வைப்போம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு நிரப்புவோம். அப்புறம் ஒரு மதியம் தொழிலாளர்களை உட்காரவைத்துக் கேள்வி பதில். எத்தனை மணி நேர வேலை? எட்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை? லீவு. ஓவர்டைம் உண்டா? விருப்பப்பட்டால் மட்டும். மெர்ச்சண்டைசர் என்கிற முறையில் அந்தப் பாடத்தை நடத்துவது என் வேலை. மனப்பாடம் மாதிரித் தெரியக் கூடாது, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுவரை சொல்லிக் கொடுப்பேன். ஆடிட்டுக்கு வருபவருக்கும் இது தெரியும். அவர்களேதான் ஒவ்வொரு சீசனுக்கும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், பத்து நாளில் முடி என்பார்கள். பிறகு ஆள் அனுப்பி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குகிறாயா என்று கேட்பார்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரிந்த பொய்யை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. அதற்குப் பெயர் ரெடி பண்ணுவது.

என் வழக்கு நாவல்களிலும் அப்படித்தான். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் வக்கீல் உட்காரவைத்துத் தயார் செய்யாத கதை ஒன்றுகூட நான் படித்ததில்லை.

ஆக, எனக்குத் தெரிந்த இரண்டு உலகங்களும் ஒரே வழியைக் காட்டின. புதன்கிழமைக்குள் வீட்டை ரெடி பண்ணினேன். சாப்பாட்டு மேஜையில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்தேன். நிவேதாவின் படிப்பு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பனியன் அட்டைப்பெட்டிகளை மெத்தைக்கு அடியில் தள்ளினேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபயர் எக்ஸிட் போர்டு ஒண்ணுதான் பாக்கி, ஜோதி."

"கேலி பண்ணுங்க. பிள்ளைய அவங்க கூட்டிட்டுப் போகும்போதும் நின்னு கேலி பண்ணுங்க."

"நடந்தத நடந்த மாதிரி சொன்னா என்ன? ஒரே ஒரு நா, ஊட்டு ஆளுக எல்லாரோடயும் உக்காந்துச்சு. அவ்வளவுதான?"

"போட்டோவப் பாத்தா அப்படியா தெரியுது? கையில கத்திரி இருக்குதுங்க!"

அன்று மாலை நிவேதாவை உட்காரவைத்தேன்.

"அது பேக்டரி இல்ல கண்ணு. மாமா ஊடு."

"பேக்டரிதானேம்மா?"

"ஊட்டோட சேந்தது. நீ வேலை செய்யல. சும்மா வெச்சு வெளையாடுன. கையில இருந்தது என்னன்னு கேட்டா?"

"டிரிம்மர்."

"இல்ல. தெரியாதுன்னு சொல்லு."

"ஆனா எனக்குத் தெரியுமே." பிறகு கேட்டாள்: "அம்மா, ஜெசிந்தாக்காவும் வெளையாடிட்டா இருந்தாங்க?"

"அவங்களப் பத்திப் பேசவே வேண்டாம். திருப்பிச் சொல்லு பாக்கலாம்."

சொன்னாள். முதலில் தடுக்கி, பிறகு தடுக்காமல். நான் வரப்போகிற பெண் மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நேரம் இல்லை.

7

நலத்துறையிலிருந்து வந்த பெண் என்னைவிடச் சின்னவள். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். டீ வேண்டாம் என்றாள். பழத்தட்டை அவள் பார்க்கவேயில்லை. இரண்டு வார்த்தை எங்களிடம் பேசிவிட்டு, நிவேதாவோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்றாள். நிவேதாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருமுறை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது. பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்து எங்கள் எதிரே உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி. "நான் வருவதற்கு முன்னால், என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நிவேதாவிடம் பேசினீர்களா?"

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. ஆமாம், பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். என் வாயில் வந்தது வேறு. முதுகை நிமிர்த்தி, நூறு அமெரிக்க நாவல்களில் நான் படித்து ரசித்த அந்த வாக்கியத்தைத் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞர் இல்லாமல் பேச மாட்டேன்."

ஏழு வருடத்தில் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிராத முதல் வாக்கியம். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். கோபமாக இல்லை. பிறகு குனிந்து எழுதினாள். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆசிரியைக்கும் நலத்துறைக்கும் சின்னக் கவலையாக இருந்த ஒன்று, அன்றைக்குத்தான் பெரிய கவலையானது.

அதற்குப் பிறகு கூட்டங்கள். மேஜையைச் சுற்றிப் பள்ளியிலிருந்து ஒருவர், மருத்துவமனையிலிருந்து ஒருவர், அந்தப் பெண், அவளுடைய மேலதிகாரி. நிவேதாவை ஆபத்தில் உள்ள குழந்தைகள் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று என் முன்னாலேயே கனிவாக விவாதித்தார்கள். ஒவ்வொருவரும் என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்றார்கள். நான் பேசியபோது யாரும் குறுக்கிடவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கேட்பது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எந்த நாவலும் எனக்குச் சொல்லவில்லை.

அண்ணனுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. போனில் சொன்னேன்.

"ஏம்மா, என்ற மருமகள நான் வேலைக்கு வெச்சேன்னு எழுதிட்டாங்களாமா?"

"அப்படி எழுதலீங்ண்ணா. கேக்கறாங்க, அவ்வளவுதான்."

"அவங்க ஊருக்காரன் போடற பனியனத்தான அம்மிணி அந்தக் கொழந்த வெட்டுச்சு? சீப்பா வேணும், நாளைக்கே வேணும்னு கேட்டவன் யாராமா? அவனப் போயி யாரும் கேக்க மாட்டாங்களா?" பிறகு குரல் இறங்கிற்று. "உடு. இனிமே கம்பெனிப் பக்கம் அவ வர வேண்டாம். ஊட்லயே இருக்கட்டும். உனக்கு இதனால ஒண்ணும் ஆகாம இருந்தாச் சரி."

அவர் மனம் நொந்தது போன் வழியாகவே தெரிந்தது. தாய்மாமன் என்பதை இந்த ஊர் அலுவலகத்துக்கு எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? எனக்குத் தெரியவில்லை.

8

முடிவுக் கடிதம் போன மாதம் வந்தது. அதில் நிவேதா சொன்னவற்றின் சுருக்கமும் இருந்தது. அன்று அந்த அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அது தொழிற்சாலைதான், கையில் இருந்தது டிரிம்மர்தான், மாமா, அத்தை, சின்னத் தாத்தா, அம்மா எல்லோரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அந்த விடுமுறையிலேயே அதுதான் மிக நல்ல நாள், ஜெசிந்தா அக்கா என் தோழி. இதெல்லாம் அவள் சொன்னது. இதை வைத்து, விடுமுறையில் குடும்பத்தோடு செய்த ஒரு காரியம், கவலைப்பட எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பட்டியலில் சேர்க்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது அவள்தான்.

கடைசிப் பத்தியில் மட்டும், குழந்தை என்ன பேச வேண்டும் என்று தாய் சொல்லிக்கொடுத்ததாகக் குழந்தையே தெரிவித்தது என்று எழுதியிருந்தது. இது குறிப்பில் வைக்கப்படுகிறதாம். அந்தக் கோப்பு அவளுக்குப் பதினெட்டு வயது தாண்டும்வரை இருக்குமாம்.

கடிதத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது நிவேதா எதிரே நின்றிருந்தாள். நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"அம்மா சொல்லிக் குடுத்தேன்னு எதுக்கு கண்ணு சொன்ன?"

"அந்த ஆன்ட்டி கேட்டாங்க." அவளுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "புக்ல அந்தப் பொண்ணு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவால்ல? நீயும்தானேம்மா படிச்ச. அந்த எடத்துல நீ அழுதியே. அவ சொன்னது சரின்னு சொன்னியே."

சொல்லத்தான் செய்தேன். புத்தகத்தில் நான் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தேன். சந்தேகமே இல்லாமல், கண்ணீரோடு இருந்தேன். அந்த மேஸ்திரியின் வேலையை நான் வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன் என்பது படிக்கும்போது ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு விதமான நாவல்கள் படித்திருக்கிறேன்! ஒன்றில்கூட நான் கெட்டவளாக இருந்ததில்லை.

"ஜெசிந்தாக்காவையும் யாராவது வந்து கேப்பாங்களா?" என்றாள் நிவேதா.

"கேப்பாங்க. வருஷா வருஷம் வருவாங்க."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எந்தக் கதையும் சொல்லவில்லை. சண்டையெல்லாம் இல்லை. பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வருகிறாள், படிக்கிறாள், பையில் வைத்துக்கொள்கிறாள். சாப்பிடும்போது வாயை மூடி மென்று விழுங்குகிறாள். நான்தான் இரண்டு சனிக்கிழமையாக வேலை இருக்கிறது என்று சொல்லி நூலகத்தைத் தவிர்க்கிறேன். தராசுப் படம் போட்ட புத்தகம் ஒன்று தலைமாட்டில் கிடக்கிறது. திறந்தால், வக்கீல் எழுந்து நிற்கும் இடம்வரை படிக்க முடியவில்லை. கூண்டில் நிற்கிற ஆளின் முகம் எப்படி இருக்கும் என்பதிலேயே மனம் நின்றுவிடுகிறது.

நேற்று மதியம் அவள் சோபாவில் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன புத்தகம் என்று கேட்கத்தான் போனேன்.

"அம்மா மேல உனக்குக் கோபமா கண்ணு?"

புத்தகத்தில் விரலை வைத்து மூடினாள். கொஞ்சம் யோசித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, என் கண்ணை நேராகப் பார்த்து, நல்ல தமிழில், ஒரு சொல்கூடத் தடுக்காமல் சொன்னாள்.

"இல்லீங்கம்மா. எனக்குக் கோபம் எல்லாம் எதுவும் இல்லீங்க. நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

சிரிக்கவும் செய்தாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆடிட்டில் அப்படிப் பதில் சொல்கிறவர்களிடமிருந்து அதற்கு மேல் எதையும் வாங்க முடியாது.